ஆயுள் காப்பீட்டைப் புரியவைக்க: வீடியோவா, கால்குலேட்டரா, பாலிசிப் பத்திரமா?

ஒரு நுகர்வோர் அமைப்போ, தொழிற்சங்கமோ, நூலகமோ ஆயுள் காப்பீடு பற்றி மக்களுக்கு இணையத்தில் சொல்லித்தர முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரு சிறிய குழு, ஓராண்டுக்கான பணம். முதல் கூட்டத்திலேயே யாராவது "வீடியோ போடலாம்" என்பார். அடுத்தவர் கால்குலேட்டர் கேட்பார். சான்றிதழோடு ஒரு படிப்பு என்று இன்னொருவர் சொல்வார். இப்போது சாட்பாட் வேண்டும் என்ற குரலும் தவறாமல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் செய்யப் பணம் போதாது, செய்துவிட்டாலும் பிறகு பராமரிக்க ஆள் இருக்காது. எனவே எதை முதலில் செய்வது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும்.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் செய்ய வேண்டியவை இரண்டு: ஒரு மாதிரிப் பாலிசிப் பத்திரத்தைப் பகுதி பகுதியாக விளக்கும் பக்கம், பாலிசிதாரர் இறந்தபின் பணம் கோருவதற்கான வழிகாட்டி. கால்குலேட்டர் அடுத்து வரலாம். வீடியோ அதற்கும் பிறகு, இவற்றுக்குத் துணையாக மட்டும். இந்த வரிசை பலருக்குத் தலைகீழாகத் தோன்றும் என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

கற்கும் நாளும் தேவைப்படும் நாளும்

ஆயுள் காப்பீட்டில் ஒருவருக்கு விவரம் தேவைப்படும் தருணங்கள் நான்கு. வாங்கும்போது. பத்திரம் கைக்கு வந்த முதல் சில வாரங்களில். நடுவில் எப்போதாவது பிரீமியம் கட்ட முடியாமல் திணறும்போது. கடைசியாக, பாலிசிதாரர் இறந்த பிறகு. அந்த நான்காவது தருணத்தில் விவரம் தேவைப்படுபவர் வேறொருவர். பாலிசி வாங்கும்போது பேசப்பட்ட எதையும் அவர் கேட்டிருக்க மாட்டார், பத்திரத்தைப் பார்த்துக்கூட இருக்க மாட்டார். வங்கிக் கணக்குக்கோ கடனுக்கோ எழுதும் கல்விப் பக்கங்களை அச்சாக வைத்து ஆயுள் காப்பீட்டுக்கும் எழுத முடியாததற்கு இதுதான் முக்கியக் காரணம். ஆனால் இணையத்தில் இன்று கிடைக்கும் பெரும்பாலானவை முதல் தருணத்தோடு நின்றுவிடுகின்றன. எந்தெந்த வகைப் பாலிசிகள் உண்டு, ஏன் வாங்க வேண்டும், எவ்வளவுக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நிதிக் கல்வியால் பயன் உண்டா என்பதே ஆய்வாளர்களிடையே பெரிய விவாதம். 2014-ல் மேனேஜ்மென்ட் சயன்ஸ் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, அதற்கு முன் நடந்த 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மக்களின் நிதி நடத்தையில் காணப்படும் வேறுபாடுகளில் 0.1 சதவீதத்தை மட்டுமே கல்வி முயற்சிகளால் விளக்க முடிகிறது என்பது அதன் முடிவு. பல மணி நேரம் பாடம் நடத்தினாலும் 20 மாதங்களுக்குப் பிறகு அதன் தாக்கம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றும் அது சொன்னது. 2022-ல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, சீரற்ற முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய 76 சோதனைகளை எடுத்துக்கொண்டது. கல்வியால் பயன் உண்டு, அது முன்பு சொன்னதைவிடக் கணிசமாகக் கூடுதல், அவ்வளவு வேகமாக மறைவதற்கும் சான்றில்லை என்று அது மறுத்தது.

யார் சொல்வது சரி என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. நல்ல செய்தியையே நம்பினாலும், ஆயுள் காப்பீட்டில் கற்கும் நாளுக்கும் தேவைப்படும் நாளுக்கும் நடுவே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிடலாம். அவ்வளவு காலம் எதையும் யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. ஆகவே தேவைப்படும் நாளில் தேடினால் கிடைக்கும்படி வைப்பதே நம்மால் ஆகக்கூடியது. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

எழுத்து வழிகாட்டி

செலவு குறைவு. தேடுபொறியில் கிடைக்கும். வேகம் குறைந்த போனிலும் திறக்கும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பு மென்பொருளில் கேட்கலாம். விதி ஒன்று மாறினால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். இதன் பலவீனம், எழுதுகிறவர்கள் இதைப் பாடப்புத்தகம்போல அடுக்கிவிடுவது. டேர்ம் பாலிசி, எண்டோவ்மென்ட், முழு ஆயுள் பாலிசி, சந்தையோடு இணைந்த பாலிசி என்று வகை வகையாகப் பிரித்து எழுதினால், படிப்பவர் மூன்றாவது வகைக்கு வருவதற்குள் பக்கத்தை மூடிவிடுவார். அவர் வகைகளைக் கற்க வரவில்லை. "என்னை நம்பி யாரும் இல்லை, எனக்கு இது தேவையா?" என்ற கேள்வியோடு வந்திருப்பார்.

அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து, முதல் வரியிலேயே "உங்கள் வருமானத்தை நம்பி யாரும் இல்லை, உங்கள் கடன் வேறு யார் தலையிலும் விழாது என்றால், பெரும்பாலும் தேவையில்லை" என்று பதில் சொல்லும் பக்கம் மிகவும் மதிப்புள்ளது. விற்பனையில் இருக்கும் நிறுவனத்தின் தளத்தில் அந்த வரியைப் பார்ப்பது அரிது. பொதுநல அமைப்பு ஒன்று இதில் இறங்குவதற்கே இந்த ஒரு வரி போதுமான நியாயம்.

நீளத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், முதலீடு கலந்த காப்பீட்டுத் திட்டங்களை விற்கும்போது தர வேண்டிய முக்கியத் தகவல் ஆவணம் ஏ4 அளவில் 3 பக்கத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு திட்டத்தின் அபாயம், செலவு, எதிர்பார்க்கக்கூடிய பலன் எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும் என்று ஒரு சட்டமே சொல்லும்போது, நாம் ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்வது தாராளம்தான்.

வீடியோ

வீடியோவுக்கு ஆள் சேர்வது எளிது. படிக்கத் தயங்குபவர்களையும் எழுத்தறிவு குறைந்தவர்களையும் அது எட்டும், எழுத்தால் அது முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே வீடியோவை முழுக்க ஒதுக்கிவிட நான் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2014-ல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசிய ஓர் ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்க்கும் நேரம் நடுவளவில் 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. தாமாகச் சேர்ந்து படிக்கிற மாணவர்களுக்கே இந்த நிலை. இரண்டாவது, அகமதாபாத்தில் நடந்த ஒரு சோதனை. வீடியோ வழியாக நிதிக் கல்வி கொடுத்தபோது அது மட்டும் நடத்தையைப் பெரிதாக மாற்றவில்லை. இலக்கு வைக்கச் சொல்வதும் தனிப்பட்ட ஆலோசனையும் கூடச் சேர்ந்தபோதுதான் மாற்றம் தெரிந்தது. பார்த்தால் மட்டும் போதாது, பார்த்த கையோடு செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும்.

பராமரிப்பும் தலைவலிதான். விதியில் ஒரு நாள் கணக்கு மாறினாலும் அந்த வீடியோ தவறாகிவிடும். திரும்ப எடுக்கப் பணம் இருக்காது. ஆனால் பழையது எங்கெங்கோ பகிரப்பட்டு உலவிக்கொண்டே இருக்கும். ஆகவே வீடியோவில் மாறக்கூடிய எண்களையே சொல்லாமல், ஒரே ஒரு செயலைக் காட்டுவது நல்லது. பத்திரத்தில் நாமினி பெயர் எங்கே இருக்கும், அதை மாற்ற எந்தப் படிவம் என்று காட்டும் மூன்று நிமிட வீடியோ பத்து வருடத்துக்கு நிற்கும். "இந்த ஆண்டின் சிறந்த பாலிசிகள்" என்பது அடுத்த ஆண்டே குப்பை.

கால்குலேட்டர்

இதில் இரண்டு வகை உண்டு. முதலாவது, எவ்வளவு காப்புத்தொகை, அதாவது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை, வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது, சேமிப்பு கலந்த பாலிசியில் உண்மையில் எவ்வளவு வட்டி கிடைக்கிறது என்று காட்டுவது. எல்லோரும் முதலாவதைத்தான் கட்டுகிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் ஆர்வம் அதிகம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவு 6 லட்சம், அது 20 ஆண்டுகளுக்கு வேண்டும். கடன் 30 லட்சம். ஏற்கெனவே உள்ள சேமிப்பும் காப்பும் சேர்ந்து 35 லட்சம். விலைவாசி உயர்வைக் கழித்தபின் முதலீட்டில் 2 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால், அந்த 20 ஆண்டுச் செலவுக்கு இன்று தேவைப்படும் தொகை சுமார் 98 லட்சம். கடனைக் கூட்டி, இருப்பதைக் கழித்தால் காப்பு 93 லட்சம் வேண்டும். அதே கணக்கில் 2-ஐ 4 ஆக மாற்றுங்கள், 76.5 லட்சமாக இறங்கிவிடும். பூஜ்யமாக்குங்கள், 1 கோடியே 15 லட்சம் ஆகிவிடும். குடும்பத்தில் எதுவும் மாறவில்லை. திரையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஓர் ஊகம் மாறியதில் விடை 38 லட்சத்துக்கு மேல் ஏறி இறங்குகிறது. பல தளங்களில் அந்த ஊகத்தைப் பயன்படுத்துபவர் பார்க்கவே முடியாது. "உங்களுக்குத் தேவை 93,11,000" என்று ஒற்றை எண் மட்டும் பெரிய எழுத்தில் வரும், அதைப் பார்ப்பவர் அறிவியல் முடிவென்றே நம்புவார்.

கல்விக்கான கால்குலேட்டர் இதை நேர்மாறாகச் செய்ய வேண்டும். மூன்று விடைகளையும் பக்கம் பக்கமாக வைத்து, எந்த ஊகத்தால் எவ்வளவு மாறுகிறது என்று காட்ட வேண்டும். ஒரு வரம்பைக் கொடுத்தால் படிப்பவர் யோசிப்பார். ஒற்றை எண் கொடுத்தால் வாங்கக் கிளம்பிவிடுவார்.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானது. இவ்வளவு கணக்கு எதற்கு, "ஆண்டு வருமானத்தைப் போல் 10 மடங்கு" என்று ஒரு எளிய விதியைச் சொல்லிவிட்டுப் போகலாமே? டொமினிகன் குடியரசில் சிறு வணிகர்களிடம் நடந்த ஒரு சோதனை இந்தப் பக்கம்தான் சாய்கிறது. முறையான கணக்கியல் பாடம் படித்தவர்களைவிட, எளிய கைவிதிகளைக் கற்றவர்கள் தங்கள் கணக்குவழக்கை நன்றாக நடத்தினார்கள். மேலே சொன்ன குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சம் என்றால் கைவிதி 90 லட்சம் என்கிறது, முழுக் கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. ஆனால் அதே 9 லட்சம் சம்பாதிக்கும், கடனும் இல்லாத, சார்ந்திருப்பவர் யாரும் இல்லாத ஒருவருக்கும் அந்த விதி 90 லட்சம் என்றே சொல்லும். அவருக்குத் தேவை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்புறம், வருமானமே இல்லாமல் வீட்டையும் குழந்தைகளையும் முழுநேரமும் கவனித்துக்கொள்பவருக்கு விதி பூஜ்யம் என்கிறது. அவர் இல்லாமல் போனால் அந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் வைக்க வேண்டிவரும், அந்தச் செலவு பூஜ்யம் இல்லை. ஆகவே கைவிதியைத் தொடக்கமாகக் கொடுத்து, அது யார் யாருக்குப் பொருந்தாது என்று அதே இடத்திலேயே சொல்லிவிடலாம்.

இனி இரண்டாவது வகை. ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் 15 ஆண்டுகள் கட்டுகிறீர்கள், முடிவில் 25 லட்சம் கிடைக்கும் என்கிறார் முகவர். 15 போட்டு 25 வருகிறது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு லாபம் என்று காதில் விழும். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது சுமார் 6.15 சதவீதம். நல்லதா கெட்டதா என்பது அந்த நாட்டின் வைப்புநிதி வட்டியையும் விலைவாசியையும் பொறுத்தது. சிலருக்கு அது போதும், கூடவே ஆயுள் காப்பும் இருக்கிறதே என்று மனநிறைவோடு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 6.15 என்ற எண் தெரிந்து எடுப்பதும் தெரியாமல் எடுப்பதும் ஒன்றாகாது. மூன்று பெட்டிகள் போதும்: எவ்வளவு கட்டுகிறீர்கள், எத்தனை ஆண்டு, கடைசியில் எவ்வளவு. விடை ஒரே சதவீதம். ஊகம் எதுவும் கலக்காத கணக்கு இது. தேவைக் கணக்கில் உள்ள தடுமாற்றம் இதில் இல்லை. நிரலாளர் ஒருவர் ஒரு நாளில் எழுதிவிடலாம். கால்குலேட்டர் செய்வதானால் இதை முதலில் செய்யுங்கள்.

எந்தக் கால்குலேட்டராக இருந்தாலும் விடை காட்டுவதற்கு முன் போன் எண் கேட்கக் கூடாது. கேட்டால் அது விற்பனைக்கான வலை, கல்வியல்ல.

படிப்பு, சாட்பாட், விலை ஒப்பீடு

பாடங்களும் தேர்வும் கொண்ட படிப்பு, மற்றவர்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு ஏற்றது: தன்னார்வலர்கள், ஆசிரியர்கள், அலுவலகங்களில் பணியாளர் நலன் பார்ப்பவர்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது ஒரு வாரம் கழித்தும் நினைவில் நிறுத்துகிறது என்று 2006-ல் வெளிவந்த புகழ்பெற்ற உளவியல் ஆய்வு ஒன்று காட்டியது, ஆகவே சிறு தேர்வுகளுக்குப் பலன் உண்டு. ஆனால் தன் ஒரே ஒரு பாலிசிக்காக யாரும் ஆறு பாடங்கள் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள்.

சாட்பாட் விஷயத்தில் நான் மிகவும் தயங்குகிறேன். "எப்போதாவதுதான் புகைப்பேன், படிவத்தில் சொல்ல வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். பாட் சரளமாக, தவறாக, "தேவையில்லை" என்று சொல்லிவிட்டால், அதன் விலையைப் பல ஆண்டுகள் கழித்து அவருடைய குடும்பம் கொடுக்கும். யார் சொன்னது என்று காட்டக்கூட அப்போது எதுவும் இருக்காது. வைத்தே ஆக வேண்டும் என்றால், கேள்வியைப் புரிந்துகொண்டு நம் பக்கங்களில் அதற்குரிய பத்தியைக் காட்டுவதோடு அது நின்றுகொள்ளட்டும்.

நிறுவனங்களின் விலையை அருகருகே வைக்கும் ஒப்பீட்டுத் தளமும் சிறு குழுவின் வேலையல்ல. சிங்கப்பூரில் 2015-ல் தொடங்கிய கம்பேர்ஃபர்ஸ்ட் தளத்தில் ஒழுங்குமுறை ஆணையம், நுகர்வோர் சங்கம், காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் எல்லாம் சேர்ந்து நின்றன. அவ்வளவு பேர் கைகொடுத்தால்தான் தரவு தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். உங்கள் நாட்டில் அப்படியொன்று இருந்தால் இணைப்புக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

பத்திரத்தைப் படிக்கச் சொல்லித்தருவது

இப்போது நான் முதலில் வைத்ததற்கு வருகிறேன். ஒரு மாதிரிப் பாலிசிப் பத்திரத்தைத் திரையில் அப்படியே வைக்க வேண்டும். ஒரு பகுதியைத் தொட்டால் மூன்று விஷயங்கள் திறக்க வேண்டும்: இது என்ன சொல்கிறது, இது எப்போது முக்கியமாகும், இப்போது நீங்கள் செய்ய வேண்டியது என்ன.

முதல் பக்கத்தில் இருக்கும் விவர அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, காப்புத்தொகை, காலம், பிரீமியம் கட்ட வேண்டிய தேதி, நாமினி. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். பிறந்த தேதியைத் தொட்டால்: "பிரீமியம் உங்கள் வயதை வைத்துப் போடப்பட்டது. தேதி தவறாக இருந்தால் பின்னாளில் கோரிக்கைத் தொகை குறையலாம், தாமதமாகலாம். அடையாள ஆவணத்தோடு இன்றே ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் எழுத்தில் கேட்டுத் திருத்துங்கள்." நாமினியைத் தொட்டால்: "திருமணம், மணமுறிவு, குழந்தை பிறப்பு, நாமினியின் இறப்பு, இவற்றில் எது நடந்தாலும் இந்த வரியைத் திரும்பப் பாருங்கள். நாமினி சிறுவயதினர் என்றால் பணத்தைப் பெற்றுப் பாதுகாக்கும் பெரியவர் ஒருவரின் பெயர் இருக்கிறதா?" நாமினிக்கே பணம் சொந்தமா, சட்டப்படியான வாரிசுகளுக்காக அவர் வாங்கித்தான் வைத்திருக்கிறாரா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை அந்தந்தச் சட்டம் தெரிந்தவர் எழுத வேண்டும், பொதுவாக எழுதிவிட்டு நகர முடியாது.

அடுத்து, பலன் விளக்க அட்டவணை. அதில் உறுதியளித்த தொகைக்கு ஒரு பத்தியும், எதிர்பார்க்கப்படும் தொகைக்கு இன்னொரு பத்தியும் இருக்கும். பெரிய எண் எப்போதும் இரண்டாவதில்தான். விற்பவர் விரலை வைத்துக் காட்டியதும் அநேகமாக அதைத்தான். மாதிரிப் பக்கத்தில் உறுதியில்லாத பத்தியை மங்கலாக்கிவிட்டு, "இது இல்லாமலும் இந்தப் பாலிசி உங்களுக்குச் சரிப்படுமா?" என்று கேட்டுவிட்டால் போதும்.

அதன்பின் சரண்டர் மதிப்பு. சேமிப்பு கலந்த பாலிசியை முதல் சில ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதில் சிறு பகுதிதான் திரும்ப வரும், சிலவற்றில் ஒன்றுமே வராது. சலுகைக் காலம், காலாவதி, புதுப்பித்தல் மூன்றையும் ஒரே காலக்கோட்டில் வரைந்து காட்டலாம். தவணை தேதி தாண்டினால் பெரும்பாலும் ஒரு மாத அளவுக்குச் சலுகை உண்டு, மாதத் தவணைக்கு அது குறைவாகவும் இருக்கலாம். அதற்குள் இறப்பு நேர்ந்தால் பொதுவாகப் பாக்கிப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு காப்புத்தொகையைக் கொடுப்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் காப்பு நின்றுவிடும், புதுப்பிக்க மறுபடி உடல்நல விவரம் கேட்கலாம். பண நெருக்கடியில் இருப்பவருக்கு, பாலிசியை முழுசாகக் கைவிடுவதற்கு முன் காப்புத்தொகையைக் குறைக்க முடியுமா, இனி கட்டாமலே குறைந்த காப்போடு தொடர முடியுமா என்று கேட்கும் வழிகள் இருப்பதே தெரியாது. அது பத்திரத்திலேயே எழுதியிருக்கும்.

கடைசியில் இணைத்திருக்கும் முன்மொழிவுப் படிவத்தின், அதாவது பாலிசி கேட்டு நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தின், நகல். பலரும் இதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதுதான் பத்திரத்திலேயே அதிமுக்கியமான பகுதி. முகவர் தானே டிக் போட்ட விடைகள், "ஏற்கெனவே நோய் உண்டா" என்பதற்கு எதிரே போட்ட "இல்லை", புகைப்பழக்கத்துக்கு எதிரே போட்ட "இல்லை", எல்லாம் உங்கள் கையெழுத்தோடு அங்கே இருக்கும். பல நாடுகளில் முதல் 2 அல்லது 3 ஆண்டுகளுக்குள் வரும் கோரிக்கையை நிறுவனம் இந்த விடைகளோடு ஒப்பிட்டுத் துருவிப் பார்க்கும். தவறு இருந்தால் நீங்கள் உயிரோடு இருக்கும்போதே திருத்திவிடலாம். அதற்குப் பிறகு திருத்த யாராலும் முடியாது.

இந்தப் பக்கத்துக்கு வலிமை வருவது நேரத்தால். பத்திரம் கைக்கு வந்தபின் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிய பணத்தைப் பெரும்பாலும் முழுசாகவே வாங்கிக்கொள்ள பல நாடுகளில் ஒரு கால அவகாசம் உண்டு. நாட்டைப் பொறுத்து அது பெரும்பாலும் 10 நாள் முதல் 30 நாள் வரை இருக்கும். அந்த நாட்களில் படிப்பவரின் கையில் உண்மையான காகிதம் இருக்கிறது, எடுக்க உண்மையான முடிவும் இருக்கிறது. படித்த கையோடு செய்ய வேலையும் இருக்கிறது. வீடியோவுக்குக் கிடைக்காத அனுகூலம் இது. கார் ஓட்டக் கற்பவருக்குப் படம் காட்டாமல் ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பதுபோல.

செய்வதும் கடினமில்லை. பல நிறுவனங்கள் பாலிசி வாசகங்களைப் பொதுவில் வைக்கின்றன. அவற்றைப் படித்து, பொதுவான பகுதிகளைக் கொண்டு எந்த நிறுவனத்தையும் சாராத ஒரு மாதிரிப் பத்திரத்தை நீங்களே எழுதலாம். ஒரு வழக்கறிஞரும், கோரிக்கைப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரும் அதைச் சரிபார்க்க வேண்டும். செலவெல்லாம் யோசிப்பதில்தான், தொழில்நுட்பத்தில் இல்லை.

கோரிக்கை வழிகாட்டி

இதைப் படிப்பவர் துக்கத்தில் இருப்பார். தூங்கியிருக்க மாட்டார். ஒருவேளை இறுதிச் சடங்கு முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். எனவே வரிகள் சிறியதாக இருக்க வேண்டும், விளம்பரம் கூடாது, "உங்கள் குடும்பத்தைக் காக்க இப்போதே" என்ற பேச்சே கூடாது. முதலில் யாருக்குத் தகவல் சொல்வது, இறப்புச் சான்றிதழ் எத்தனை நகல் வாங்குவது, எந்தப் படிவம், எந்த அடையாள ஆவணம், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அச்சிட்டு எடுத்துப்போகும்படி இருக்க வேண்டும்.

மறுத்துவிட்டால் என்ன என்பதற்குத் தனிப் பக்கம் தேவை. மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கேளுங்கள். அவர்கள் எந்தப் பிரிவைச் சுட்டுகிறார்களோ அதைப் பத்திரத்தில் எடுத்துப் பாருங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு முதலில், அங்கே முடியவில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அல்லது ஒழுங்குமுறை ஆணையம். காலக்கெடு தாண்டிவிடக் கூடாது. தொலைபேசியில் சொன்ன "முடியாது" என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடும் குடும்பங்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

பாலிசி இருப்பதே தெரியாத குடும்பங்களும் உண்டு. அமெரிக்காவில் மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் சங்கம் 2016-ல் இறந்தவர் பெயரில் பாலிசி இருக்கிறதா என்று தேடும் வசதியையே தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. அப்படியொரு வசதி இல்லாத இடங்களில், உயிரோடு இருக்கும்போதே நிரப்பி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்கும் ஒரு பக்கத் தாள் பெரும் உதவி. நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், காப்புத்தொகை, பத்திரம் இருக்கும் இடம், நாமினி, கடைசியாகப் பிரீமியம் கட்டிய தேதி. ஆறு வரி. இந்தத் தாளை மாதிரிப் பத்திரப் பக்கத்தின் முடிவில் வையுங்கள்.

பணம் யாருடையது, பயன் எப்படித் தெரியும்

காப்பீட்டு நிறுவனம் நிதி கொடுத்தால் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கினால் முகப்பிலேயே சொல்ல வேண்டும், வாசகத்தில் அவர்கள் கை படக் கூடாது, பார்ப்பவர் விவரம் அவர்களுக்குப் போகக் கூடாது. மூன்றில் ஒன்று முடியாதென்றாலும் வாங்காமல் சிறியதாகச் செய்வதே மேல் என்பது என் கருத்து. "தேவையில்லை" என்று சொல்லும் அந்த ஒரு பக்கம்தான் அப்படி வாங்கினால் முதலில் காணாமல் போகும்.

பலனை அளக்கப் பார்வைக் கணக்கை நம்ப வேண்டாம். பாலிசி வைத்திருக்கும் சிலரை அழைத்து, அவரவர் பத்திரத்தைக் கையில் கொடுத்துக் கேளுங்கள்: பணம் யாருக்குப் போகும், அடுத்த தவணையைத் தவறவிட்டால் என்ன ஆகும், இந்த ஆண்டே நிறுத்தினால் எவ்வளவு வரும், உறுதியான தொகை எது, உங்கள் உடல்நலம் பற்றிப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது. பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை, பார்த்த பின் ஒருமுறை. இரண்டாம் முறையும் விடை கண்டுபிடிக்க முடியாத கேள்வி எதுவோ, அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும்.

ஓராண்டுப் பணத்தை இப்படிப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். பாதி, மாதிரிப் பத்திரத்துக்கும் கோரிக்கை வழிகாட்டிக்கும். அதற்கடுத்து வட்டிக் கால்குலேட்டர், பின்னர் தேவைக் கால்குலேட்டர். மிச்சத்தில் மூன்று நிமிட வீடியோக்கள் இரண்டோ மூன்றோ. சாட்பாட்டுக்கு ஒதுக்கலாம் என்று வைத்திருந்த தொகையை, ஆண்டுக்கு இருமுறை எல்லாப் பக்கங்களையும் நடப்பு விதிகளோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஒருவருக்குக் கொடுங்கள். அவர் கடைசியாகச் சரிபார்த்த தேதி ஒவ்வொரு பக்கத்தின் தலைப்புக்குக் கீழேயும் இருக்கட்டும்.